கிவிக் கொடிக்கு எத்தனை மணி நேரக் குளிர் வேண்டும்?

நீலகிரியில் கிவி வருமா என்று கேட்டு வீடு தேடி வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொடி விட்டுப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள். இன்னொரு வகை, அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலையைப் பிடுங்கிவிட்டு கிவி போடலாமா என்று கேட்கிறவர்கள். முதல் வகைக்கு டீ கொடுத்து, கொடியைக் காட்டி அனுப்பிவிடுகிறேன். இரண்டாவது வகையை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறேன். முப்பத்து நாலு வருஷம் பேங்கில் இருந்த புத்தி அவ்வளவு லேசில் போகாது.

போன மாதம் பக்கத்து ஹட்டியிலிருந்து வந்த தம்பிக்கு முப்பது வயசுகூட இருக்காது. "மேனேஜர் சார், இனிமே பசுந்தேயிலை விலையை நம்பிப் பிழைக்க முடியாது. நர்சரிக்காரர் ஒருத்தர் வந்து, ஏக்கருக்கு இத்தனை செடி, இத்தனை கிலோ, கிலோவுக்கு இவ்வளவு ரூபாய்னு எழுதியே கொடுத்துட்டுப் போயிருக்கார். நம்ம ஊர்க் குளிருக்கு ஜம்முனு வரும்னு சொல்றார்" என்றார். தாளைக் காட்டினார். விளைச்சல் இருந்தது, விலை இருந்தது, மானியம் கிடைக்கும் என்றுகூட எழுதியிருந்தது. கொடிக்கு எத்தனை மணி நேரக் குளிர் வேண்டும், நம் ஊரில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்ற வரி மட்டும் இல்லை. இந்தக் கட்டுரை முக்கியமாக அந்த விட்டுப்போன வரியைப் பற்றியது.

அந்தத் தம்பியின் ஆதங்கத்தில் தப்பே இல்லை. 2023-ல் இங்கே சிறு தேயிலை விவசாயிகள் பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டுத் தொடர் உண்ணாவிரதமே இருந்தார்கள். உரத்துக்கும் பறிகூலிக்கும் போக மிச்சமில்லாத தோட்டத்தை வைத்திருப்பவரிடம் புதுப் பயிர் என்று யார் சொன்னாலும் காது கொடுக்கத்தான் செய்வார்.

என் வீட்டில் இருப்பது கடையில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் பழுப்பு நிறக் கிவி இல்லை. அதற்குத் தம்பி முறை. ஹார்டி கிவி என்பார்கள், கிவி பெர்ரி என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் ஆக்டினிடியா ஆர்குட்டா. பழம் பெரிய திராட்சை அளவுதான் இருக்கும். தோலில் ரோமமே கிடையாது. கத்தி, ஸ்பூன் எதுவும் வேண்டாம், தோலோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாம். உள்ளே அதே பச்சை, அதே கறுப்பு விதை. ஆனால் இனிப்பு பெரிய கிவியைவிடத் தூக்கல். கொரியா, ஜப்பான், சீனாவின் வடகிழக்கு, ரஷ்யாவின் கிழக்குக் கோடி, இவைதான் இதன் சொந்த ஊர்க் காடுகள். இலை உதிர்த்துத் தூங்கும்போது மைனஸ் 30 டிகிரி வரை தாங்கும். பெயரில் உள்ள 'ஹார்டி' அதற்காகத்தான். இந்தப் பெயரைக் கேட்டவுடன் "அப்ப ஊட்டிக்கு இதுதான் சரி" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விஷயம் அப்படி இல்லை.

பெரிய கிவியின் கதையைக் கொஞ்சம் சொன்னால் இது புரியும். கிவிக்கும் நியூசிலாந்துக்கும் பிறவிச் சம்பந்தம் கிடையாது. சீனக் காட்டுக் கொடி அது. 1904-ல் இசபெல் ஃப்ரேசர் என்ற தலைமையாசிரியை சீனாவுக்குப் போய்த் திரும்பும்போது விதையை எடுத்து வந்தார். 1910 வாக்கில் நியூசிலாந்தில் முதல் காய் காய்த்தது. 'சைனீஸ் கூஸ்பெர்ரி' என்று விற்றுக்கொண்டிருந்ததை 1959-ல்தான் வியாபாரத்துக்காக, தங்கள் நாட்டுப் பறவையின் பெயரில் 'கிவி' ஆக்கினார்கள். நம் நாட்டில் முதலில் இதை நட்டது பெங்களூரு லால்பாக்கில், அழகுக் கொடியாக. கொடி வளர்ந்தது, காய்க்கவில்லை. 1963-ல் சிம்லா பக்கத்தில் ஃபாக்லியில் ஏழு ரகங்களை நட்டார்கள். அங்கே காய்த்தது. பெங்களூரில் இல்லாமல் சிம்லாவில் இருந்தது குளிர்காலம்.

பேங்கில் எனக்கு ஹிமாச்சலில் சோலனுக்கு மாற்றல் போட்டார்கள். போகும்போது திட்டிக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால், நௌனியில் தோட்டக்கலைப் பல்கலைக்கழகம், சுற்றிலும் கிவிப் பந்தல்கள். லோன் இன்ஸ்பெக்‌ஷன் என்று போனால் பந்தலுக்கு அடியில்தான் டீ. கொடியின் சூட்சுமம் எல்லாம் அந்த விவசாயிகளிடம் காதால் கேட்டது. பணி ஓய்வுக்குப் பிறகு கேத்தி பாலாடாவுக்கு மேலே எங்கள் குடும்ப நிலத்துக்கு வந்து, 2017-ல் இரண்டு பெண், ஒரு ஆண் என்று மூன்று ஹார்டி கிவிக் கொடிகளை நட்டேன்.

சோலனின் உயரம் சுமார் 1,500 மீட்டர். குன்னூர் 1,850 மீட்டர், ஊட்டி 2,240. உயரத்தை மட்டும் பார்த்தால் குன்னூரில் சோலனைவிட நன்றாகக் காய்க்க வேண்டும். காய்க்காது. காரணம், சோலன் பூமத்திய ரேகையிலிருந்து 31 டிகிரி வடக்கே இருக்கிறது, நாம் 11 டிகிரியில் இருக்கிறோம். டிசம்பர் கடைசியில் சோலனில் இரவு கிட்டத்தட்ட 14 மணி நேரம். ஊட்டியில் 12½ மணி நேரம். அங்கே குளிர்காலம் என்றால் மூன்று மாதம் முழுசாக உட்கார்ந்திருக்கும். இங்கே உறைபனி விழுந்த அன்றைக்கே பத்து மணிக்கு வெயில் முதுகைச் சுடும். ஊட்டியில் ஜனவரியில் இரவு 5, 6 டிகிரி, பகல் 20 டிகிரி.

கிவி, ஆப்பிள், பிளம்ஸ் போன்ற இலையுதிர்க்கும் பயிர்கள் எல்லாம் உறக்கத்தில் இருக்கும்போது, சுமார் 7 டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் கழிந்தது என்று ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. கணக்கு நிறைந்தால்தான் கண் திறக்கும், மொட்டு வைக்கும். பெரிய கிவியில் 'ஹேவார்ட்' ரகத்துக்கு 700, 800 மணி நேரமாவது வேண்டும் என்பார்கள். ஹார்டி கிவிக்கும் பல நூறு மணி நேரம் வேண்டும். நமக்கு எவ்வளவு கிடைக்கும்? டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை 60 இரவு, இரவுக்கு 8 மணி நேரம் 7 டிகிரிக்குக் கீழே என்று தாராளமாகவே வைத்தாலும் 480 மணி நேரம். அதுவும் முழுசாக நிற்காது. பகல் வெயில் 18 டிகிரிக்கு மேல் போனால், இரவில் சேர்ந்ததில் ஒரு பகுதி அழிந்துபோகும். ராத்திரி டெபாசிட், பகலில் வித்டிராயல். என் கொடிப் பந்தலில் ஒரு தெர்மாமீட்டர் கட்டி நோட்டில் எழுதி வருகிறேன். 480 மணி நேரத்தை நான் ஒரு வருஷமும் பார்த்ததில்லை. குன்னூர், கோத்தகிரி பக்கம் இதில் பாதி கிடைத்தாலே பெரிசு. கூடலூரில் பேச்சுக்கே இடமில்லை.

குறைந்த குளிரில் கொடி செத்துப்போகாது. அதுதான் இதில் ஏமாற்றும் விஷயம். பச்சைப் பசேல் என்று பந்தலை மூடிவிடும், பார்க்கிறவர்கள் "சார், சூப்பரா வந்திருக்கே" என்பார்கள். ஆனால் ஒரு கணு துளிர்க்கும், அடுத்த நாலு கணு தூங்கும். பூ ஒரே நேரத்தில் வராமல் ஒரு மாதத்துக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். ஆண் பூத்தபோது பெண் பூத்திருக்காது. என் கொடிகள் முதல் காய் கொடுத்தது ஆறாவது வருஷம், ஒன்றரைக் கிலோ. அதற்கடுத்த நல்ல வருஷத்தில் நாலு கிலோ. குளிர் தேசத்தில் நன்றாக வளர்ந்த ஒரே ஒரு பெண் கொடி 25 கிலோவுக்கு மேல் கொடுக்கும். வித்தியாசத்தைப் பாருங்கள்.

'ஹார்டி' என்ற பெயரில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. மைனஸ் 30 தாங்குவது தூங்கும் கட்டைதான். துளிர் விட்டுவிட்டால், லேசான உறைபனிகூட அதைக் கருக்கிவிடும். பிப்ரவரி முதல் வாரத்தில் நாலு நாள் வெயிலடித்தால் கொடி வசந்தம் வந்துவிட்டது என்று நம்பித் துளிர்க்கும். அதே வாரக் கடைசியில் ஒரு உறைபனி. காலையில் போய்ப் பார்த்தால் துளிர் எல்லாம் வேகவைத்த கீரை மாதிரி தொங்கும். சைபீரியாவுக்குப் பக்கத்தில் பிறந்த கொடி ஊட்டியில் பனிக்குச் சாகிறது என்றால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் நடக்கிறது.

இந்தக் குறையை மருந்தடித்துச் சரிக்கட்டுகிற நாடுகள் உண்டு. ஹைட்ரஜன் சயனமைடு என்ற ரசாயனத்தைக் குளிர்காலக் கடைசியில் தெளித்தால் எல்லாக் கணுவும் ஒரே நேரத்தில் துளிர்க்கும். நியூசிலாந்துக் கிவித் தோட்டங்களில் பல வருஷமாக இது பழக்கம். நம் நாட்டில் மகாராஷ்டிரத் திராட்சைத் தோட்டங்களிலும் அடிக்கிறார்கள். தெளித்தவர் அன்றைக்கு மது குடித்தால் உடம்பு அபாயகரமாகத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு விஷம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு அனுமதி கிடையாது. நமக்குப் புதுப் பயிரை விற்க வருகிறவர், மூன்றாவது வருஷம் காய்க்காதபோது இந்த டப்பாவோடு திரும்பி வருவார். அதனால்தான் மணி நேரக் கணக்கை முதலிலேயே கேளுங்கள் என்கிறேன். ஒரு பயிரை நட்டு, அதைக் காய்க்க வைக்க விஷம் வேண்டும் என்றால் அந்தப் பயிர் நம் மண்ணுக்கு வந்தது இல்லை.

விஷமில்லாத வழி ஒன்று இந்தோனேசியாவில் இருக்கிறது. கிழக்கு ஜாவாவில் பத்து என்றொரு மலை ஊர், பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரிக்குள். குளிர்காலமே இல்லாத அந்த ஊரில் ஆப்பிள் விளைகிறது, அதுவும் வருஷத்துக்கு இரண்டு போகம். அறுவடை முடிந்து சில வாரம் கழித்து மரத்தின் இலை முழுவதையும் ஆட்கள் கையாலேயே உருவிவிடுகிறார்கள். ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும் முன்பே மரம் மறுபடி துளிர்த்துவிடுகிறது. கிவிக்கு இது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் டிசம்பர் நடுவில், பழுக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இலைகளை நான் உருவிவிடுகிறேன். தண்ணீரையும் நிறுத்திவிடுகிறேன். அப்படிச் செய்த வருஷங்களில் துளிர் ஓரளவு சீராக வந்தது. மூணு கொடியை வைத்துக்கொண்டு இதை ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது. கூலி இல்லாத வேலை, செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை.

இதைவிட முக்கியமானது இடத் தேர்வு. நம் ஊரில் டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அதனால் அந்த இரண்டு மாதமும் வடக்குப் பார்த்த சரிவில் வெயில் சாய்வாகத்தான் விழும், வீட்டின் வடக்குச் சுவர் ஓரம் நிழலிலேயே இருக்கும். பகலில் அதிகம் சூடேறாது, இரவில் சேர்ந்த குளிர் அவ்வளவாக அழியாது, துளிரும் சீக்கிரம் அவசரப்படாது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை சூரியன் நம் தலைக்கு வடக்கே வந்துவிடுவதால், காய் வளரும் காலத்தில் அதே இடத்துக்கு வெளிச்சம் கிடைக்கும். மற்ற பயிருக்கெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்குகிற இடம் இது. கிவிக்கு நீலகிரியில் இதைவிட நல்ல இடம் கிடையாது. பள்ளத்தின் அடிமட்டத்தில் மட்டும் நடாதீர்கள். குளிர்காற்று தண்ணீர் மாதிரி கீழே போய்த் தேங்கும், உறைபனியும் அங்கேதான் முதலில் விழும். பனிக்காலத்தில் பூங்காவில் மூடுகிற மாதிரி மிலார் போட்டு மூடலாம், விடிகாலையில் வெயில் படும் முன்னே தண்ணீர் தெளிக்கலாம். ஒரு பந்தலுக்கு இது நடக்கும், ஏக்கருக்கு நடக்காது.

ஆணும் பெண்ணும்

கிவியில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஆறு முதல் எட்டுப் பெண் கொடிக்கு ஒரு ஆண் போதும். ஆனால் ஒரே ஒரு பெண் இருந்தாலும் ஆண் ஒன்று வேண்டும். இலையைப் பார்த்து, தண்டைப் பார்த்து எது என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. பூத்தால்தான் தெரியும். பெண் பூவின் நடுவில் சின்னக் காய் மாதிரி ஒரு உருண்டை இருக்கும், அதன் தலையில் வெள்ளை இழைகள் சக்கரம் போல விரிந்திருக்கும். ஆண் பூவில் மகரந்தத் தாள்கள் மட்டும்தான், நடுவில் உருண்டை இருக்காது. விதை போட்டு முளைக்க வைத்தால் பாதிக்குப் பாதி ஆணாகப் போகலாம், அதைத் தெரிந்துகொள்ள நாலைந்து வருஷம் காத்திருக்க வேண்டும். ஆகவே விதைக் கன்று வாங்காதீர்கள். பூத்துக் காட்டிய தாய்க் கொடியிலிருந்து எடுத்த குச்சியையோ ஒட்டுக் கன்றையோதான் வாங்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு நர்சரியில் வாங்கிய எட்டுக் கன்றும் ஆணாகவே போனது. ஐந்து வருஷம் தண்ணீர் விட்டுவிட்டு அவர் சொன்னார்: "அண்ணே, எங்க வீட்ல கிவிக்கு பேச்சிலர் மேன்ஷன் நடத்திட்டிருக்கேன்."

'இஸ்ஸாய்' என்று ஒரு ஜப்பானிய ரகம் உண்டு. அது ஆண் இல்லாமலே காய்க்கும். சின்ன இடம் உள்ளவர்களுக்கு அது சௌகரியம். பக்கத்தில் ஆண் இருந்தால் இன்னும் நன்றாகக் காய்க்கும். சிவப்புச் சிலந்திப் பேன் தொல்லைதான் அதற்குக் கொஞ்சம் அதிகம்.

கிவிப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதனால் பக்கத்தில் வேறு நல்ல பூ இருந்தால் தேனீ அங்கே போய்விடும். என் வீட்டில் அடுக்குத் தேனீப் பெட்டி இரண்டு இருக்கிறது. இருந்தும் பூ சிதறி வருகிற வருஷங்களில் கையால்தான் வேலை. காலை ஒன்பது, பத்து மணிக்கு அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, பெண் பூவின் முகத்தில் லேசாகத் தடவ வேண்டும். ஒரு ஆண் பூ ஐந்தாறு பெண் பூவுக்குப் போதும். பூசணிக்கு நம் வீட்டுப் பெண்கள் செய்வதுதான்.

பந்தல், மண், கவாத்து

ஜப்பானில் ஷிகோகு தீவில் ஈயா பள்ளத்தாக்கு என்றொரு இடம். அங்கே ஆற்றுக்குக் குறுக்கே 45 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொங்கு பாலம் இருக்கிறது. அதைப் பின்னியிருப்பது இந்த ஹார்டி கிவியின் காட்டுக் கொடியால். இப்போது பாதுகாப்புக்கு உள்ளே இரும்பு வடம் கொடுத்திருக்கிறார்கள், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கொடியை மாற்றிக் கட்டுகிறார்கள். மனிதர்கள் நடக்கிற பாலத்துக்கு உதவும் கொடியை மூங்கில் குச்சியில் ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? மேரக்காய்ப் பந்தல் மாதிரி நினைத்துவிடக் கூடாது. மேரக்காயை வேண்டாம் என்றால் வெட்டிவிட்டு மறுபடி போடலாம். இது முப்பது, நாற்பது வருஷம் நிற்கும் கட்டை. சில்வர் ஓக் கம்பம் இரண்டு மழைக்குள் அடியில் மக்கிவிடும். கல்தூணோ, சிமென்ட் போட்டு நிறுத்திய இரும்புக் குழாயோதான் தாங்கும். ஆறடி உயரம், மேலே டி வடிவத்தில் குறுக்குச் சட்டம், கெட்டியான ஜி.ஐ. கம்பி நாலு வரிசை. ஜூன், ஜூலைக் காற்றை மனதில் வைத்துக்கொண்டு கட்டுங்கள்.

தேயிலை மண்ணின் புளிப்பு கிவிக்குக் கொஞ்சம் அதிகம். தேயிலைக்குக் கார அமில நிலை 4.5-லிருந்து 5.5 வரை பொருந்தும். கிவிக்கு 5.5-க்கு மேல், 6.5-க்குள் இருந்தால் நல்லது. குழிக்கு டோலமைட், அடுப்புச் சாம்பல், நன்றாக மக்கிய தொழு உரம் போட்டு மூன்று மாதம் ஆறவிட்டு நட்டேன். வேர் மேலாகவே ஓடும், அதனால் கொத்தவே கூடாது. லூபின் போட்டுப் பூக்கும் முன்பு அறுத்து அப்படியே மூடாக்காகப் போடுகிறேன். ஜீவாமிர்தம் மாதம் ஒருமுறை, அதுவும் துளிர்க் காலத்தில் மட்டும். அள்ளிக் கொட்டினால் கொடிதான் ஓடும். தண்ணீர் தேங்கினால் மட்டும் மன்னிப்பே கிடையாது, வேர் அழுகி ஒரே மழையில் போய்விடும். சரிவில் படிமட்டம் வெட்டி, வடிகாலை வெளிப்பக்கம் எடுத்துவிட வேண்டும்.

கன்றைச் சுற்றி முதல் இரண்டு வருஷம் கம்பி வலை கட்டுங்கள். ஆட்டுக்கு மட்டுமில்லை, பூனைக்கும். இந்தக் குடும்பத்துக் கொடிகளின் வாசனை பூனைக்குக் கள் மாதிரி. புரண்டு, கடித்து, வேரைத் தோண்டிப் போடும்.

காய் வைப்பது போன வருஷக் கிளையிலிருந்து இந்த வருஷம் வரும் துளிரில். இதை மறந்துவிட்டுக் குளிர்காலத்தில் மொட்டையாக வெட்டினால் அந்த வருஷம் காய் இல்லை. வெட்டாமலே விட்டால் பந்தலே காடாகிவிடும். காய்த்து ஓய்ந்த பழங்கிளையை எடுத்துவிட்டு, போன வருஷத்து நல்ல கிளைகளை ஒரு அடிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, அதையும் பத்துப் பன்னிரண்டு கணுவோடு நிறுத்த வேண்டும். கவாத்து ஜனவரிக்குள் முடிய வேண்டும். பிந்தினால் வெட்டின இடத்தில் குழாய் மாதிரி தண்ணீர் ஒழுகும். மே, ஜூனில் நுனி ஓட்டத்தைக் கிள்ளிவிடும் வேலை வேறு. குச்சி வேர் பிடிக்க வேண்டுமானால் ஜூன், ஜூலையில் பாதி முற்றிய கிளைதான் சரி. ஆண் குச்சிக்கு நீல நூல், பெண் குச்சிக்குச் சிவப்பு நூல் கட்டி வையுங்கள், பிறகு குழப்பம் வராது.

பழம் என் வீட்டில் ஆகஸ்ட் மாதத்தில் முதிர்கிறது, மழைக்கு நடுவில். கையால் அமுக்கினால் லேசாகக் குழையும்போதுதான் ருசி. பறித்து வெளியே வைத்தால் இரண்டு, மூன்று நாளில் தளர்ந்துவிடும். பாலோடு அடித்து மில்க் ஷேக் செய்தால் உடனே குடித்துவிட வேண்டும். பப்பாளிக்காயில் இருப்பது போலப் புரதத்தை உடைக்கும் பொருள் இதிலும் இருக்கிறது. கொஞ்ச நேரம் வைத்தால் பால் கசந்துவிடும். என் வீட்டம்மா இதைக் கண்டுபிடித்ததிலிருந்து கறி மிருதுவாக வேக இரண்டு பழத்தை நசுக்கிப் போடுகிறாள். இத்தனை வருஷ உழைப்பு ஆட்டுக்கறிக்குப் போகிறது.

ஹிமாச்சலில் கிவிக்கு ஒரு நல்ல பெயர் உண்டு: குரங்கு தொடாது என்பார்கள். அது பெரிய கிவிக்கு, ரோமத்தால். நம் கொடியின் பழம் வழவழ என்று இருக்கும். ஜப்பானியர்கள் இதற்கு வைத்த பெயரே குரங்குப் பேரி. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. குரங்காவது பகலில் வரும், விரட்டலாம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் எண்ணெய்க்கும் ரேஷன் பொருளுக்கும் கரடி ஊருக்குள் வருவது உங்களுக்குத் தெரியும். இனிப்புப் பழம் கரடிக்கும் பிடிக்கும். படுக்கையறை ஜன்னலை ஒட்டிப் பந்தல் போட வேண்டாம். காய் பழுக்கும்வரை விடாமல், கெட்டியாக இருக்கும்போதே பறித்துவந்து வீட்டுக்குள் பழுக்க வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

இப்போது தம்பியின் கணக்கு. 4 மீட்டருக்கு 6 மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்கு 165-லிருந்து 170 கொடி. கன்று, தூண், கம்பி, கூலி எல்லாம் சேர்த்து 5 லட்சம் கடன் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். முதல் ஐந்து வருஷம் காயே கிடையாது, ஆகவே வட்டியும் கட்ட முடியாது. ஐந்தாம் வருஷக் கடைசியில் கடன் 8 லட்சத்து 5 ஆயிரம் ஆகியிருக்கும். ஒரு காய் விற்காமலே 3 லட்சம் ஏறியிருக்கிறது. தேயிலைச் செடியைப் பிடுங்கியதால் மாதம் இரண்டு பறிப்பில் வந்துகொண்டிருந்த வருமானமும் அந்த ஐந்து வருஷம் இல்லை. விலை குறைவுதான், ஆனால் அதுதான் அரிசிக்கும் பிள்ளைகளின் ஃபீஸுக்கும் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகும் மணி நேரக் கணக்கு நிறையும் என்று யார் ஜாமீன் நிற்பார்? நான் சீட்டில் இருந்திருந்தால் இந்த புரொபோசலில் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டேன். அருணாச்சலில் ஜீரோ பள்ளத்தாக்கில் இயற்கை முறையில் கிவி விளைத்து, 2020-ல் சான்றிதழும் வாங்கிவிட்டார்கள். நாட்டில் கிவி அதிகம் விளைவதும் அந்த மாநிலத்தில்தான். குளிரை இனாமாகப் பெறுகிறவர்களோடு நாம் ஏன் சந்தையில் மோத வேண்டும்?

"அப்ப நான் என்னதான் சார் போடறது?" என்றார் தம்பி. தேயிலைக்கு மாற்று என்று ஒரே பதில் என்னிடம் இல்லை. ஆனால் பழக்கொடிதான் வேண்டும் என்றால், அவர் வீட்டு வேலியிலேயே ஒன்று படர்ந்திருந்தது. தாட்பூட் பழம். பேஷன் ஃப்ரூட் என்று ஜூஸ் கடையில் விலை வைத்து விற்பது இதைத்தான். சொந்த ஊர் தென் அமெரிக்கா என்றாலும், நம் தாத்தா காலத்திலிருந்தே இங்கே வேலிகளில் காய்த்துக்கொண்டிருக்கிறது. குளிர் மணிநேரக் கணக்கு கேட்காது. ஊதாப் பழ ரகத்துக்கு ஆண், பெண் பிரச்சினை கிடையாது. நட்ட ஒன்று, ஒன்றரை வருஷத்தில் காய்க்கத் தொடங்கும். மேரக்காய்ப் பந்தலே இதற்குப் போதும். ஊதாவையும் மஞ்சளையும் சேர்த்துக் குடகில் செட்டள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய 'காவேரி' என்ற ஒட்டு ரகமும் இருக்கிறது. குறை இல்லாமல் இல்லை. வாடல் நோயும் நூற்புழுவும் உண்டு. நாலைந்து வருஷத்தில் கொடி களைத்துவிடும், கன்று மாற்ற வேண்டும். கடும் உறைபனி விழும் இடத்தில் கருகிவிடும். ஆனால் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் உயரங்களுக்கு இது நன்றாக ஒத்துப்போகும். தேயிலையைப் பிடுங்க வேண்டாம், ஓரத்து வேலியில் இருபது கொடி விட்டால் போதும்.

கிவியோ தாட்பூட்டோ, வெளியூர்க் கொடி எதை நட்டாலும் ஒரு காரியத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். உண்ணிச்செடியும் சீகை மரமும் இங்கே யாரோ ஆசையாகக் கொண்டுவந்தவைதான். ஊட்டிக்கு மேலே, இளஞ்சிவப்புப் பூவும் வாழைக்காய் போல நீளப் பழமுமாக இருக்கும் தாட்பூட்டின் சொந்தக்காரக் கொடி ஒன்று சோலை ஓரங்களில் மரத்தின் தலையை மூடி நிற்பதைப் பார்க்கலாம். ஹவாய்த் தீவுக் காடுகளில் அது பெரிய நாசம் செய்திருக்கிறது. ஹார்டி கிவியும் சாது இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெனாக்ஸ் ஊரில், தோட்டத்திலிருந்து தப்பித்து கென்னடி பார்க் காட்டில் மரங்களைப் போர்வை மாதிரி மூடி, வெட்டி எடுக்க ஆள் போட்டுப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். நம் சோலைக்கு அருகே நிலம் உள்ளவர்கள் இந்தக் கொடியை நடவே வேண்டாம். மற்றவர்கள், பழுத்து விழுந்ததைப் பொறுக்கிவிடுங்கள், பறவைக்கும் குரங்குக்கும் விடாதீர்கள். கவாத்துக் குச்சிகளை ஓடைக்கரையில் வீசாமல், வெயிலில் நன்றாகக் காயவைத்து அடுப்புக்குப் போட்டுவிடுங்கள். ஈர மண்ணில் கிடந்தால் ஒரு கணு போதும், வேர் பிடித்துவிடும்.